சுழலாத பந்தும் சுருங்கிப்போன கைத்தட்டலும்: வயதான பந்துவீச்சாளர்களை நாம் வழியனுப்பிய வரலாறு

இந்த முறை கொஞ்சம் விளையாட்டு வரலாறு. வழக்கம்போல நீளமான கட்டுரைதான், பொறுமை இருக்கிறவர்கள் தொடரவும் :-)

எங்கள் கேத்தியிலிருந்து சேப்பாக்கம் ஸ்டேடியம் 500 கிலோமீட்டருக்கும் மேல். இங்கே சென்னை சூப்பர் கிங்ஸ் பனியன் போட்டுக்கொண்டு திரிகிற பையன்களில் பலர் சேப்பாக்கம் கேலரியில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. ஆனாலும் அது "நம்ம டீம்"தான். மேட்ச் நடக்கிற நேரத்தில் பனி இறங்கி கரண்ட் போனால் மின்வாரியத்துக்கு விழுகிற திட்டைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

இப்படி உரிமையோடு கொண்டாடுகிற ரசிகர்கள், அதே அணிக்காகப் பல வருடம் பந்து வீசிய ஒருவர் தளர்ந்துபோய் வெளியேறும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள்? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. 2025 ஐபிஎல்லில் ரவிச்சந்திரன் அஸ்வினுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எழுந்த கேள்வி இது. பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் இது புதுக் கதையே இல்லை என்று தெரிகிறது.

ஏன் பந்துவீச்சாளர்?

பேட்ஸ்மேனுக்கு வயதானால் அது சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டு பந்து தடுமாறுவார், மூன்றாவது பந்தில் அவுட், பெவிலியனுக்குள் போய் மறைந்துவிடுவார். பந்துவீச்சாளருக்கு அந்த வசதி இல்லை. முதல் பந்தில் சிக்ஸர் போனாலும் திரும்ப நடந்து போய் இன்னும் ஐந்து பந்து போட வேண்டும். அந்த ஓவர் முடிந்ததும் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில், ரசிகர்கள் முன்னால், போய் நிற்க வேண்டும். அவருடைய தளர்ச்சியை நாம் பந்து பந்தாகப் பார்க்கிறோம். அதனால்தான் பந்துவீச்சாளர்மேல் வருகிற எரிச்சலும் அதிகம், பின்னால் வருகிற குற்ற உணர்ச்சியும் அதிகம் என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கம் தேயிலைச் செடிக்கு வயதானால் கவாத்து வெட்டுவார்கள். சில மாதத்தில் மறுபடி துளிர்த்துவிடும். மனிதனுடைய தோளுக்கும் இடுப்புக்கும் கவாத்து கிடையாது.

வெங்கட்: விமானத்தில் வந்த செய்தி

முதலில் சென்னையின் பழைய ஆஃப் ஸ்பின்னர் எஸ். வெங்கடராகவன். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1965-ல் சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆட வந்தபோது வயது 19. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட் ஆகிய நால்வரும்தான் இந்தியாவின் புகழ்பெற்ற சுழல் கூட்டணி. நால்வரும் சேர்ந்து எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் 853.

இந்த நால்வரில் வெங்கட்டின் இடம்தான் எப்போதும் ஆட்டம் கண்டுகொண்டே இருந்தது. பிரசன்னாவும் ஆஃப் ஸ்பின்னர் என்பதால், "இந்த மேட்சில் வெங்கட்டா, பிரசன்னாவா?" என்ற சண்டை ஓயவே இல்லை. 1974-ல் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக வெங்கட் கேப்டன். அடுத்த டெஸ்டில் ஆடும் பதினொருவரில் அவர் பெயரே இல்லை!

1978-ல் பாகிஸ்தான் பயணம். ஜாகீர் அப்பாஸும் ஜாவேத் மியாண்டடும் நம் சுழலைப் பிரித்து மேய்ந்தார்கள். 2-0 என்று தொடர் போனது. பிரசன்னாவின் டெஸ்ட் வாழ்க்கை அந்தப் பயணத்தோடு முடிந்தது. பேடிக்கும் சந்திரசேகருக்கும் 1979 இங்கிலாந்து பயணம் கடைசி. அதே பயணத்தில் கபில்தேவ் என்கிற இளைஞர் வேகப்பந்து வீச்சின் முகமாக நிலைபெற்றார். ஒரு தலைமுறை போய் இன்னொன்று வந்தது.

அந்த 1979 பயணத்துக்கு வெங்கட்தான் கேப்டன். உலகக் கோப்பையில் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை, அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லாத இலங்கையிடமும் தோல்வி. டெஸ்ட் தொடரில் 1-0 தோல்வி. ஆனால் கடைசி டெஸ்டில் ஓவல் மைதானத்தில் கவாஸ்கர் 221 அடிக்க, 438 என்ற இலக்குக்கு 429 வரை வந்து டிரா செய்தார்கள். ஊருக்குத் திரும்பும் விமானத்தில், கவாஸ்கர் மறுபடி கேப்டன் ஆக்கப்பட்ட செய்தி ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டதாகவும், வெங்கட் அதைத் தன் இருக்கையில் உட்கார்ந்தபடியே கேட்டதாகவும் கிரிக்கெட் எழுத்தாளர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள்.

சென்னை ரசிகர்கள் மத்தியில் இது பெரிய மனக்குறை. "பம்பாய்க்காரனுக்கும் டெல்லிக்காரனுக்கும் ஒரு நியாயம், மெட்ராஸ்காரனுக்கு ஒரு நியாயம்" என்ற பேச்சு அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் இன்றைக்கும் கேட்கலாம். கவனியுங்கள், இங்கே ரசிகர்களின் கோபம் வீரர்மேல் இல்லை, தேர்வாளர்கள்மேல். வெங்கட்டின் பந்து முன்புபோல் திரும்புகிறதா என்பது இரண்டாம்பட்சம். அவர் "நம்மாள்", அவரை "அவர்கள்" அவமானப்படுத்திவிட்டார்கள். சில ஆண்டுகள் வெளியே இருந்த வெங்கட்டை 1983-ல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்துக்கு மறுபடி அழைத்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் ஜலந்தரில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசி டெஸ்ட். 57 டெஸ்ட், 156 விக்கெட், வயது 38. சேப்பாக்கத்தில் ஒரு பிரிவு உபசார டெஸ்ட் இல்லை. பிறகு நடுவராகப் போய் 73 டெஸ்டுகளில் நின்றார். ஆட்டக்காரராகக் கிடைக்காத ஒருமித்த மரியாதை அவருக்கு நடுவராகக் கிடைத்தது என்று சொல்லலாம்.

கபில்: 432 பலூன்கள்

அடுத்தது நேர் எதிரான கதை. வெங்கட்டுக்கு வழியனுப்பே இல்லை, கபில்தேவுக்கு வழியனுப்பு நீண்டுகொண்டே போனது.

ரிச்சர்ட் ஹாட்லி 1990-ல் 431 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். அப்போது அதுதான் உலக சாதனை. கபில் அதை நோக்கி நடந்தார். ஓடினார் என்று சொல்ல முடியாது, நடந்தார். 1991-92 ஆஸ்திரேலியப் பயணத்தில் 25 விக்கெட் எடுத்த கபிலுக்கு, அதற்குப் பிறகு வேகம் குறைந்துகொண்டே வந்தது. உள்ளூரில் கும்ப்ளே, வெங்கடபதி ராஜு, ராஜேஷ் சௌஹான் என்று மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள் மேட்சை முடித்துக் கொடுத்தார்கள். 1993-லும் 1994 தொடக்கத்திலும் உள்ளூரில் ஆடிய ஏழு டெஸ்டிலும் இந்தியாவுக்கு வெற்றி. வேகப்பந்துக்கு இரண்டே இடம்தான். ஒன்று கபில், இன்னொன்று மனோஜ் பிரபாகர்.

வெளியே உட்கார்ந்திருந்தவர் ஜவகல் ஸ்ரீநாத். 1991-ல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடியவர், இந்திய மண்ணில் ஒரு டெஸ்ட் ஆட 1994 நவம்பர் வரை காத்திருந்தார். அப்போது நாட்டிலேயே வேகமான பந்துவீச்சாளர் அவர்தான். அந்த மூன்று வருடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. 67 டெஸ்டில் 236 விக்கெட்டோடு முடித்தார்.

1994 பிப்ரவரி 8, அகமதாபாத். இலங்கையின் ஹஷன் திலகரத்னே, ஷார்ட் லெக்கில் சஞ்சய் மஞ்ச்ரேக்கரிடம் கேட்ச். 432! மைதானத்திலிருந்து 432 பலூன்கள் பறக்கவிடப்பட்டன. நாடே எழுந்து நின்று கைதட்டியது. அதே நாட்டில், "சாதனைக்காக ஒரு மனிதரை இழுத்துக்கொண்டு போவது சரியா?" என்ற விவாதமும் பத்திரிகைகளில் நடந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த மாதம் ஹாமில்டனில் அவருடைய கடைசி டெஸ்ட். 131 டெஸ்ட், 434 விக்கெட்.

என் கேள்வி இதுதான். 1983 உலகக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்த மனிதருக்கு நாம் பட்ட கடனை அடைக்க, ஸ்ரீநாத்தின் இளமையை எடுத்துக் கொடுத்தோமா? நன்றி என்பது நல்ல குணம்தான். ஆனால் அதற்கான விலையைப் பல நேரம் நாம் கொடுப்பதில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன் கொடுக்கிறான். கபிலின் பெயரைச் சொல்லிக் கைதட்டிய யாரும் அன்றைக்கு அந்தப் பையனுக்காகக் கோஷம் போடவில்லை.

கடலுக்கு அப்பால்

இது கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதா என்றால் இல்லை. அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிகிறவருக்குப் பிட்சர் என்று பெயர். மேட்டின்மேல் தனியாக நின்று எறிவார். நம் பந்துவீச்சாளரைப் போலவே அவருடைய தளர்ச்சியும் எல்லோர் கண்ணிலும் படும்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் கிறிஸ்டி மாத்யூசன் 1900-லிருந்து அங்கே எறிந்தவர். 1916 ஜூலையில் சின்சினாட்டிக்கு மாற்றப்பட்டார். மொத்தம் 373 வெற்றி. அதில் 372 ஜயன்ட்ஸுக்கு, ஒன்றே ஒன்று சின்சினாட்டிக்கு. அந்த ஒன்றும் 10-8 என்று தட்டுத்தடுமாறி வந்தது. எதிரணியில் எறிந்தவர் அவருடைய பழைய போட்டியாளர் மோர்டிகாய் பிரவுன். இருவருக்குமே அதுதான் கடைசி ஆட்டம்.

மில்வாக்கி பிரேவ்ஸின் இடது கை வாரன் ஸ்பான் 1963-ல், 42 வயதில், 23 ஆட்டம் ஜெயித்தார். அடுத்த வருடம் 6 வெற்றி, 13 தோல்வி. அந்த நவம்பரிலேயே அவரை நியூயார்க் மெட்ஸுக்கு விற்றுவிட்டார்கள். 1965 சீசன் முடிந்ததும் அணியே மில்வாக்கியை விட்டு அட்லான்டாவுக்குப் போய்விட்டது. அந்த ஊர் ரசிகர்கள் முதலில் வீரரை இழந்தார்கள், பிறகு அணியையே இழந்தார்கள்.

பிலடெல்ஃபியாவின் ஸ்டீவ் கார்ல்டனை 1986 ஜூனில் அணி விடுவித்தது. அவர் விடவில்லை. 1988 வரை அணி மாற்றி அணி என்று நான்கு இடங்களில் எறிந்தார். ஆனால் 1989-ல் பிலடெல்ஃபியா அவருடைய 32-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்து கௌரவித்தது. அலைந்த வருடங்களை மன்னித்து, தங்களோடு இருந்த வருடங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

சமீபத்தில் இங்கிலாந்து வேறொரு வழியை முயன்றது. 704 விக்கெட் எடுத்த ஜேம்ஸ் ஆண்டர்சனிடம் முன்கூட்டியே பேசி, 2024 ஜூலை லார்ட்ஸ் டெஸ்டோடு முடித்துக்கொள்ள வைத்தார்கள். அவருக்குப் பிடித்திருந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் ரசிகர்களுக்கு எழுந்து நின்று கைதட்ட ஒரு தேதி கிடைத்தது. அதே மேட்சில் அறிமுகமான கஸ் அட்கின்சன் 12 விக்கெட் எடுத்தார். ஆண்டர்சனும் வீட்டுக்குப் போய்விடவில்லை. 2025-ல் தன் சொந்த லங்காஷயருக்காக ஆடிக்கொண்டிருந்தார்.

ஏலம் வந்த பிறகு

நம்மூரில் 2008-ல் ஐபிஎல் வந்த பிறகு எல்லாம் மாறியது. வீரர் வெளியேறுவதற்கு வயதாக வேண்டியதில்லை, ஏலம் வந்தாலே போதும்.

2008 மே 10-ல் சேப்பாக்கத்தில் பஞ்சாபுக்கு எதிராக ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக் எடுத்தவர் லக்ஷ்மிபதி பாலாஜி. 2011-ல் அவர் கொல்கத்தாவுக்குப் போய்விட்டார். ஆனால் 2018-ல் சென்னைக்கே பந்துவீச்சுப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். முத்தையா முரளிதரன் கண்டிக்காரர், சென்னையின் மாப்பிள்ளை. 2008 முதல் 2010 வரை மஞ்சள் சட்டையில் ஆடினார், 2010-ல் கோப்பையும் வென்றார். அதே 2010 ஜூலையில் காலே மைதானத்தில், இதுவே கடைசி டெஸ்ட் என்று அறிவித்துவிட்டு, 792 விக்கெட்டோடு இறங்கி, தன் கடைசிப் பந்தில் 800-ஐத் தொட்டார். இப்படி ஒரு விடைபெறல் இனி யாருக்கு அமையும்! 2011 ஜனவரி ஏலத்தில் அவரைக் கொச்சி அணி எடுத்தது.

சென்னை ரசிகர்கள் முரளிக்காக அழுதார்களா? பெரிதாக இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். காரணம், அந்த இடத்தில் ஒரு மாம்பலத்துப் பையன் வந்துவிட்டான். 2011 மே 28, சேப்பாக்கத்தில் இறுதிப்போட்டி, முதல் ஓவர், நான்காவது பந்து. கிறிஸ் கெய்ல் ரன் எடுக்காமல் அவுட். வீசியவர் அஸ்வின். முரளி போன வருத்தம் அந்த ஒரு பந்தில் கரைந்துபோனது.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழையவரை ரசிகர்கள் எவ்வளவு நாள் தேடுவார்கள் என்பது பெரும்பாலும் புதியவர் எப்படி ஆடுகிறார் என்பதைப் பொறுத்தது.

அஸ்வின்: இரண்டு சேப்பாக்கங்கள்

2015-க்குப் பிறகு சென்னை அணிக்கு இரண்டு வருடத் தடை. அஸ்வின் புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று சுற்றினார். இந்தியாவுக்காக ஆடும்போது சென்னைக்காரர், ஐபிஎல்லில் எதிரணிக்காரர். ரசிகர்களுக்கு ஒரு விசித்திரமான நிலைமை.

2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக டெஸ்ட். இந்தியா 144-க்கு 6 விக்கெட். அங்கிருந்து ஜடேஜாவோடு சேர்ந்து 199 ரன் கூட்டணி. அஸ்வின் 113. இரண்டாவது இன்னிங்ஸில் 88 ரன்னுக்கு 6 விக்கெட். ஆட்டநாயகன். கேலரி முழுக்க எழுந்து நின்றது. அது சேப்பாக்கத்தில் அவருடைய கடைசி டெஸ்ட் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. நியூசிலாந்திடம் உள்ளூரில் 3-0 தோல்வி, மூன்று டெஸ்டில் அஸ்வினுக்கு 9 விக்கெட்தான். புனேயில் 11 விக்கெட் எடுத்தவர் இன்னொரு சென்னைப் பையன், வாஷிங்டன் சுந்தர். ஆஸ்திரேலியாவில் பெர்த் டெஸ்டுக்கு வாஷிங்டன், அடிலெய்டுக்கு அஸ்வின், பிரிஸ்பேனுக்கு ஜடேஜா. டிசம்பர் 18-ல் பிரிஸ்பேனில், தொடர் பாதியில், ஓய்வு அறிவித்துவிட்டார். 106 டெஸ்ட், 537 விக்கெட்.

இடையில் நவம்பர் ஏலத்தில் 9.75 கோடிக்குச் சென்னை அவரைத் திரும்ப வாங்கியிருந்தது. "வீட்டுக்கு வந்துட்டார்" என்று கொண்டாடினோம். சீசன் ஆரம்பித்தது. 9 மேட்ச், 7 விக்கெட், ஓவருக்கு 9 ரன்னுக்கு மேல். சென்னை முதல் முறையாகப் பட்டியலில் கடைசி இடம். அதே அணியில் 20 வயது நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார். சமூக வலைத்தளங்களில் "எதற்கு இவ்வளவு பணம்?", "யூடியூப்தான் லாயக்கு" என்று வந்த கிண்டல்களை நான் இங்கே திரும்ப எழுத விரும்பவில்லை. 2025 ஆகஸ்ட் 27-ல் ஐபிஎல்லுக்கும் விடை கொடுத்தார்.

செப்டம்பர் 2024-க்கும் மே 2025-க்கும் நடுவில் எட்டு மாதம்தான். மைதானம் ஒன்று, மனிதர் ஒருவர். வெங்கட் காலத்தோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம் தெரிகிறது. அன்றைக்குக் கோபம் தேர்வாளர்மேல் போனது. இன்றைக்கு வீரர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு விலை இருக்கிறது. அந்த விலைதான் ரசிகர்களை முதலாளி மாதிரி பேச வைக்கிறது. 9.75 கோடியில் நம் பைசா ஒன்றுகூட இல்லை, ஆனாலும் நஷ்டம் நமக்கு வந்ததுபோல் பேசுகிறோம்.

அதே 2025 நவம்பரில், 2023 இறுதிப்போட்டியின் கடைசி இரண்டு பந்தில் 6, 4 அடித்துக் கோப்பை கொடுத்த ஜடேஜாவும் ராஜஸ்தானுக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு சஞ்சு சாம்சன் வந்தார். ஒரே நாளில் ஒரே ரசிகர் கண் கலங்கியதையும் துள்ளிக் குதித்ததையும் பார்க்க முடிந்தது.

எனக்குப் புரிந்தது

இத்தனை கதைகளையும் அடுக்கிப் பார்த்தால் மூன்று விஷயம் தோன்றுகிறது.

ஒன்று, தளர்ச்சியை ரசிகர்கள் மன்னித்துவிடுகிறார்கள், ஆனால் உடனே இல்லை. கார்ல்டனுக்கு மூன்று வருடம் ஆனது. வெங்கட்டுக்கு இன்னும் நீண்ட காலம் பிடித்தது.

இரண்டு, விடைபெற ஒரு நாள் வேண்டும். அது வீரருக்கு எவ்வளவு தேவையோ அதே அளவு ரசிகருக்கும் தேவை. ஆண்டர்சனுக்கும் முரளிக்கும் கிடைத்தது. வெங்கட்டுக்கும் அஸ்வினுக்கும் கிடைக்கவில்லை. நல்லபடி சொல்லி அனுப்ப முடியாதபோதுதான் ஆற்றாமை கிண்டலாக மாறுகிறது என்று நினைக்கிறேன்.

மூன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழையவரை அனுப்பச் சொல்வது துரோகம் இல்லை. ஸ்ரீநாத்துக்கும், வாஷிங்டனுக்கும், நூருக்கும் இடம் வேண்டும். அந்த நியாயத்தைச் சொல்லத் தயங்க வேண்டாம். ஆனால் "போதும் அண்ணே, இனி தம்பி போடட்டும்" என்று சொல்வதற்கும், "எதுக்கும் லாயக்கில்லை" என்று சொல்வதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. முதலாவது அணியைப் பற்றிய கருத்து. இரண்டாவது, 537 விக்கெட் எடுக்கும்போது நாம் தட்டிய கைத்தட்டல் எல்லாம் வெறும் சத்தம்தான் என்று நாமே ஒப்புக்கொள்வது.

வாஷிங்டனுக்கும் ஒரு நாள் பந்து திரும்பாது. அன்றைக்கு நாம் எந்தப் பக்கம் நின்று பேசுவோம் என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

உங்களுக்குப் பிடித்த எந்த ஆட்டக்காரரை நீங்கள் சரியாக வழியனுப்பவில்லை என்று நினைக்கிறீர்கள்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள், பேசுவோம்.